செத்த காலேஜும் உயிருள்ள மக்களும்

தோழனே!

பெயர் சூட்டுவதிலே சென்னைப் பாமர மக்களை விஞ்சப் பெரும் புலவனாலும் இயலாது. எழும்பூரிலே செந்நிற மாளிகைகளாக எழுந்து நிற்கிறதே அரசு அருங்காட்சியகம், அதற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? 'செத்த காலேஜ்!' விலங்குகளும் பறவைகளும் வாழ்ந்த காட்சிச்சாலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'உயிர் காலேஜ்!' 1851ஆம் ஆண்டில் அந்த அருங்காட்சியகம் முதன்முதல் தொடங்கப்பெற்றது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். கல்லூரியிலே பிறந்ததால் காலேஜ். உள்ளே உயிரோடு எதுவும் இல்லாததால் செத்த காலேஜ்!

கற்றறிந்த கனவான்கள் அந்தப் பெயரைக் கேட்டு நகைத்திருப்பார்கள். நான் நகைக்கமாட்டேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு மேடைக்கும் நாடகத்துக்கும் வந்தவன் நான். பட்டம் பெற்றோர் பக்கம் பக்கமாக எழுதியும் சொல்ல இயலாததை இரண்டே சொற்களில் சொல்லிவிட்டார்களே அந்த மக்கள், அவர்கள்முன் தலை வணங்குகிறேன். ஏனெனில் அது கேலி அல்ல, தோழனே, தீர்ப்பு! மக்களைப் பற்றி எல்லாம் இருக்கும். மக்கள் மட்டும் இருக்கமாட்டார்கள் என்றால், அந்த இடம் எத்தனை எழிலோடு நின்றாலும் செத்த இடந்தான் என்ற தீர்ப்பு!

அந்த மாளிகையின் பழைய வரலாற்றிலே ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறேன். 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். 1909ல் வெளிவந்தன அந்நூல்கள். அவர் கையிலே எப்போதும் ஓர் அளவுக்கோல் இருக்கும். மூக்கை அளப்பார். மண்டையை அளப்பார். நீலமலையிலே தோடரையும் கோத்தரையும் அளந்தார். காட்சியகத்திற்கு வந்தவர்களைக்கூட விட்டாரில்லை. பிடித்து நிறுத்தி அளந்தார்!

எண்ணிப்பார், தோழனே! காட்சி காண வந்தவனையே காட்சிப்பொருளாக்கிய காலம் அது. தலையை அளந்தார்கள். தலைக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்களா? மூக்கின் நீளத்தை எழுதி வைத்தார்கள். அந்த மூக்கு நுகர்ந்த மண்ணின் மணத்தை எழுதி வைத்தார்களா? இல்லை!

வெள்ளையன் போனான். அளவுக்கோலும் போயிற்று. ஆனால், அளந்தவனின் மனப்பான்மை போயிற்றா? இதுதான் இன்று நான் உன்முன் வைக்கும் கேள்வி.

தமிழ்நாட்டிலே இன்று மாவட்டந்தோறும் அருங்காட்சியகம் காணும் ஆர்வம் பெருகியிருக்கிறது. அரசு அருங்காட்சியகங்கள் இருபதுக்கு மேல் இயங்குகின்றன. புதுக்கோட்டையிலே மன்னராட்சிக் காலத்தில், 1910லேயே ஒன்று தோன்றிற்று. 2023 மார்ச் 5ஆம் நாள் கீழடியிலே எழில்மிகு அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரிலே, அகழ்ந்த குழியை அப்படியே காட்டும் தளக் காட்சியகம் வந்தது. இவை கண்டு நெஞ்சு நிமிராத தமிழன் உண்டா? நிமிரட்டும்! நிமிர்ந்த நெஞ்சோடு ஒரு கேள்வியும் எழட்டும்: இந்தக் காட்சியகங்களின் நாளைய நாளை முடிவு செய்வது யார்? எந்தப் பொருள் எந்த ஊரில் இருக்கவேண்டும், எந்தக் கதையை எந்தச் சுவர் சொல்லவேண்டும், கதவு எப்போது திறக்கவேண்டும், காசு எதற்குச் செல்லவேண்டும் என்பதையெல்லாம் யாரைக் கேட்டு எழுதுகிறார்கள்?

"மக்களைக் கேட்கிறோமே! கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறோமே!" என்பார்கள். நாடகக்காரன் நான். அந்தக் கூட்டத்தை ஒரு காட்சியாக எழுதிக் காட்டுகிறேன். பாத்திரங்கள் கற்பனை, பாங்கு கற்பனையா என்பதை நீயே சொல்.

காட்சி: ஊராட்சிக் கட்டடம். நேரம், முற்பகல் பதினொரு மணி. களையெடுப்புக் காலம், ஊரிலே பாதிப்பேர் வயலில். சுவரிலே வண்ண வரைபடம் ஒன்று தொங்குகிறது.

அலுவலர்: இதுதான் உங்கள் ஊரில் அமையப்போகும் அருங்காட்சியகம். கருத்துகளைத் தாராளமாகக் கூறலாம்.

முதியவர்: ஐயா, கட்டடம் எங்கே வருகிறது?

அலுவலர்: ஏரிக்கரைக்குத் தெற்கே. இடம் முடிவாகிவிட்டது.

முதியவர்: அது மாடு மேய்கிற மேடு ஆயிற்றே, ஐயா!

அலுவலர்: கால்நடை எங்கள் துறை அல்ல.

மூதாட்டி: என் மாமியார் காலத்து மண்குதிர் ஒன்று வீட்டிலே இருக்கிறது. அதை வைப்பீர்களா?

அலுவலர்: எந்த நூற்றாண்டு?

மூதாட்டி: நூற்றாண்டு தெரியாது, ஐயா. பஞ்சம் வந்தபோது எங்களுக்குக் கஞ்சி வார்த்தது அந்தக் குதிர். அது தெரியும்.

அலுவலர்: காலம் தெரியாத பொருளுக்கு இடமில்லை, அம்மா.

இளைஞன்: எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே வேலை உண்டா?

அலுவலர்: அது ஒப்பந்தக்காரர் பொறுப்பு. வேறு கருத்து உண்டா? இல்லை! எழுத்தரே, எழுதிக்கொள்ளும்.

எழுத்தர்: (எழுதியபடியே) 'பொதுமக்கள் திட்டத்தை ஒருமனதாக வரவேற்றனர்.'

திரை!

சிரிக்கிறாயா, தோழனே? சிரி. ஆனால், சிரித்து முடித்தபின் சிந்தி. அந்தக் கூட்டத்திலே கேள்வி கேட்கப்பட்டது உண்மை, பதிலும் சொல்லப்பட்டது உண்மை, கேட்கப்பட்டதோ ஒன்றுமில்லை! முடிவெடுத்த பிறகு கேட்பதற்குப் பெயர் கருத்துக் கேட்பு அன்று, கண்துடைப்பு! தாலி கட்டிய பிறகு பெண்ணின் சம்மதம் கேட்கும் திருமணத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

பெருந்தொழிற்சாலை எழுப்பவும் சுரங்கம் தோண்டவும் சுற்றுவட்டார மக்களைக் கூட்டி அவர்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வகுத்திருக்கிறது. அங்கேயும் குறைகள் உண்டு. எனினும், கேட்டாகவேண்டும் என்ற விதியாவது இருக்கிறது. கரும்புகை கக்கும் ஆலைக்குக் கேட்கவேண்டும். மக்களின் கதையைச் சொல்லும் காட்சியகத்திற்குக் கேட்கவேண்டா! என்னே நியாயம்! என்னே நேர்மை!

ஆதிச்சநல்லூருக்கு வா. தாமிரபரணிக் கரையிலே 114 ஏக்கர் பரந்து கிடக்கும் பரம்பு. முதுமக்கள் தாழிகள் அடுக்கடுக்காகப் புதைந்த மண். 1876ல் ஜெர்மானியர் ஜாகோர் வந்தார், தோண்டினார், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் எழும்பூருக்குச் சென்றன. 1930ல் அந்த மண்டையோடுகளை அளந்து ஓர் ஆய்வேடு வந்தது. வாழ்ந்தவர் தலையை அளந்தது போதாதென்று, மாண்டவர் தலையையும் அளந்தார்கள்! 2004ல் மீண்டும் அகழ்ந்தனர். தாழிகள் நூற்றுக்கும் மேலாக வெளிப்பட்டன. 2020ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு நிதிநிலை அறிக்கையில் ஐந்து இடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூரின் பெயரும் படிக்கப்பெற்றது.

பெர்லின் பேசிற்று. இலண்டன் பேசிற்று. சென்னை பேசிற்று. டில்லி பேசிற்று. ஆதிச்சநல்லூர் எப்போது பேசிற்று? தாழிக்குமேல் தலைமுறை தலைமுறையாக நடந்தவனை எவன் கேட்டான், 'அப்பா, உன் முன்னோரின் எலும்பை எங்கே வைக்கலாம்' என்று?

கேட்காமலே அவன்மீது சுமையை மட்டும் ஏற்றினார்கள். 2010ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, ஒன்றிய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவிடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பத் தடை. அதற்கப்பால் 200 மீட்டருக்கு இசைவு பெற்றே எழுப்பவேண்டும். தொன்மையைக் காக்கத் தடை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், மகனுக்கு மணமுடித்து ஓர் அறை கூடுதலாகக் கட்ட இயலாமல் தவிப்பவன் யார்? எழும்பூர்க்காரனா? டில்லிக்காரனா? அந்த ஊர்க்காரன்! வரலாற்றின் விலையைக் கொடுப்பவன் அவன். விலை கொடுத்தவனுக்குப் பேச உரிமையில்லை என்றால் அதற்கு எந்தச் சந்தையில் நியாயம் உண்டு?

"பேசட்டும், ஆனால் அவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கும் அறிவாளர் உண்டு. அவர்களைக் கீழடிக்கு அழைத்துச் செல்.

தென்னந்தோப்புகளுக்கிடையே 110 ஏக்கர் மேடு. அதற்கு மக்கள் வழங்கிய பெயர் பள்ளிச்சந்தைத் திடல். 1970களிலேயே, கிணறு வெட்டும்போது வெளிவந்த பழம்பொருள்களை மாணவர்கள் கொண்டுவந்து காட்ட, அவற்றின் அருமை உணர்ந்து தொல்லியல் துறைக்குத் தெரிவித்தவர் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். அகழாய்வு தொடங்கியது எப்போது? 2014-15ல்! ஏறத்தாழ நாற்பதாண்டுகள்! தெரியாதவன் யார், தோழனே? கண்டு சொன்ன சிறுவர்களா? கேளாதிருந்த துறையா?

குழியிலே இறங்கி மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டியவர்கள் யார்? சுற்றுப்புறத்து உழைக்கும் பெண்கள். ஓட்டுத் துண்டு எது, வெறுங்கல் எது என்று விரல்நுனியாலேயே பிரித்தறியப் பழகியவர்கள். தோப்பிலே குழி தோண்ட இடம் தந்தவர்கள் யார்? ஊர்க்காரர்கள். கண்டவன் ஊரான், தோண்டியவள் ஊராள், இடம் தந்தவன் ஊரான், முடிவெடுக்கும் மேசையிலே மட்டும் ஊருக்கு நாற்காலி இல்லை!

ஊரானைக் கேளாதவர்கள் அறிஞனையாவது கேட்கிறார்களா? அதுவும் இல்லை. கீழடியை அகழ்ந்த தொல்லியலாளர் 2017ல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை பணியை ஏற்றது. அந்த அறிஞர் 982 பக்க அறிக்கையை 2023 சனவரியில் அளித்தார். 2025 மே மாதத்தில், திருத்தித் தருக என்று அதைத் திருப்பி அனுப்பினார்கள். குழியிலே நின்றவனின் குரல் டில்லியின் செவியில் ஏற இத்தனை இடர்ப்பாடு என்றால், குழிமேட்டிலே நின்றவளின் குரலை யார் கேட்பது? எனவேதான் சொல்கிறேன்: அறிஞன் ஒருபுறம், மக்கள் மறுபுறம் என்று பிரித்துப் பேசுவது பித்தலாட்டம். மக்களைக் கேளாத ஆதிக்கம் நாளை அறிஞனையும் கேளாது!

அறிவியல் வேண்டும். அரிக்கும் வெண்கலத்தைக் காக்க வேதியியல் தெரிந்தவன் வேண்டும். காலத்தைக் கணிக்க ஆய்வகம் வேண்டும். அதையெல்லாம் ஊர் கூடி வாக்கெடுத்து முடிவு செய்ய இயலாது. மருந்து எது என்பது மருத்துவனுக்குத் தெரியும். ஆனால், வலி எங்கே என்பது யாருக்குத் தெரியும்? நோயாளிக்கு! நோயாளியை ஒரு சொல்லும் கேளாமல் மருந்து எழுதுபவனை மருத்துவன் என்றா சொல்வாய்?

இன்னொரு சாரார் வேறு வாதம் எழுப்புவர். "மக்களைக் கேட்டால் அற்பமானவற்றை அல்லவா கேட்பார்கள்? காட்சியகத்தின் மாண்பு கெடாதா?" அவர்களுக்கு அமெரிக்கத் தலைநகரிலிருந்து விடை தருகிறேன்.

வாஷிங்டனிலே அனகோஸ்தியா என்று ஒரு பகுதி. கறுப்பின ஏழை மக்கள் நிறைந்த பகுதி. 1967 செப்டம்பரில், மூடிக்கிடந்த ஒரு திரையரங்கிலே, ஸ்மித்சோனியன் நிறுவனம் அங்கே ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கிற்று. பெருநிறுவனம், எனினும் ஒரு நல்ல காரியம் செய்தது: அந்தச் சுற்றுவட்டார மக்களையே கலந்து பேசித் திட்டம் தீட்டிற்று. இயக்குநராக அமர்த்தப்பட்டவர் ஜான் கினார்ட் என்ற கறுப்பின இளைஞர். மக்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? வைரம் கேட்கவில்லை, எலும்புக்கூடு கேட்கவில்லை. "எங்கள் குடியிருப்பிலே எலிகள் எங்களைக் கொல்கின்றன!" என்றார்கள். 1969ல் எழுந்தது எலிகளைப் பற்றிய கண்காட்சி! உயிருள்ள எலிகளைக் கூண்டிலே வைத்து, எலி எப்படிப் பெருகுகிறது, எந்த நோயைப் பரப்புகிறது, குப்பையை அள்ளாத நகரம் அதை எப்படி வளர்க்கிறது என்று காட்டினார்கள்.

மாண்பு கெட்டதா? உலக அருங்காட்சியக வரலாற்றிலே இன்றளவும் பேசப்படுகிறது அந்தக் கண்காட்சி! ஏழையின் கண்ணுக்கு எது துன்பமோ அதைப் பேசிய நாளிலேதான் அந்தக் காட்சியகம் 'உயிர் காலேஜ்' ஆயிற்று. நம் ஊர் மக்கள் என்ன கேட்பார்கள்? ஏரி எப்போது வற்றியது, யார் அடைத்தது என்று சொல்லச் சொல்வார்கள். தறி எப்படி ஓய்ந்தது என்று கேட்பார்கள். மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிப் போன பாட்டன் என்ன ஆனான் என்று கேட்பார்கள். இவை அற்பமா? இவை வரலாறு அல்ல என்றால், மன்னனின் வாள் மட்டுந்தான் வரலாறு என்றால், உழுதவனும் நெய்தவனும் இந்த மண்ணிலே வாழவே இல்லையா?

மூன்றாவது வாதம்தான் கூர்மையானது. அதை மழுப்பாமல் எதிர்கொள்ளவேண்டும். "மக்கள் மக்கள் என்கிறீரே, ஊர் என்பது ஒன்றா? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்தது யார்? ஊரைக் கேட்டால் பெரிய வீட்டார் பேசுவார். எளியவன் வாய் திறப்பானா? ஒவ்வொரு சாதியும் தன் பெருமையைச் சுவரிலே மாட்டச் சொல்லிச் சண்டையிடாதா?"

உண்மை! இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், அதன் முடிவு என்ன? கேட்காதே என்பதா? இல்லை! இன்னும் ஆழமாகக் கேள் என்பது! ஊராட்சி மேடையிலே உரக்கப் பேசுபவன் மட்டும் ஊர் அல்ல. கடைசித் தெருவின் கடைசி வீட்டுத் திண்ணையிலே சென்று அமர்ந்து கேள். பறையடித்தவனைக் கேள். சுடுகாட்டுக்குத் தனிப்பாதை நடந்தவனைக் கேள். கிணற்றடியில் நீர் மறுக்கப்பட்டவளைக் கேள். அவர்கள் சொல்வது கசக்கும். கசப்பைச் சுவரிலே எழுது. பெருமையை மட்டும் காட்டுவது விளம்பரப் பலகை. உண்மையைக் காட்டுவதே காட்சியகம்!

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரிலே 'ஆறாம் வட்டம்' என்று ஒரு பகுதி. பல இனத்தாரும் கூடி வாழ்ந்த இடம். 1966 பிப்ரவரி 11ஆம் நாள் அதை வெள்ளையர்க்கு மட்டுமே உரிய பகுதி என்று நிறவெறி அரசு அறிவித்தது. 60,000க்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டனர். வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1994ஆம் ஆண்டு டிசம்பரில், அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் ஒரு காட்சி வைத்தார்கள். தரை முழுதும் அந்தப் பகுதியின் வரைபடம். விரட்டப்பட்ட மக்கள் வந்தனர், குனிந்தனர், தாம் வாழ்ந்த தெருவிலே, தாம் வாழ்ந்த வீடு நின்ற இடத்திலே, தம் பெயரைத் தம் கையால் எழுதினர். சில வாரங்களுக்கென்று தொடங்கிய காட்சி, நிலைத்த அருங்காட்சியகம் ஆயிற்று. அந்த மக்களைத் தேர்ந்தெடுத்து அழைக்கக் குழு தேவைப்படவில்லை. எவர் வாயை அரசு அடைத்ததோ அவர் வாயைத் திறந்ததே அங்கு நடந்த கருத்துக் கேட்பு!

இன்னொன்றும் சொல்லவேண்டும், நம் பக்கத்தையும் தராசிலே நிறுத்தவேண்டும். ஆதிச்சநல்லூர்ப் பொருளைப் பெர்லினிடமிருந்து கேட்கிறோம். கேட்போம், உரக்கக் கேட்போம்! ஆனால், எழும்பூர்க் காட்சியகத்தின் தலைசிறந்த செல்வம் எது? ஆந்திர மண்ணின் அமராவதிச் சிற்பங்கள்! 1845ல் வால்டர் எலியட் என்ற அதிகாரி அகழ்ந்து சென்னைக்கு அனுப்பியவை பல, அவற்றுள் ஒரு பெரும்பகுதி 1859ல் இலண்டனுக்குக் கப்பலேறி, இன்று பிரிட்டிஷ் காட்சியகத்தில் இருக்கிறது, மற்றவை எழும்பூரில். அமராவதி ஊரான் வந்து, "எங்கள் பளிங்குக் கல் எங்கே?" என்று நம்மைக் கேட்டால் என்ன சொல்வோம்? பெர்லின் நம்மிடம் சொல்வதையேவா? "நாங்கள் பத்திரமாகப் பாதுகாக்கிறோம், உனக்கு வைக்க இடமுண்டா" என்றா? இலண்டனிடம் சென்னை கேட்கும் கேள்வியைச் சென்னையிடம் சிற்றூர் கேட்கும்போது, இடையிலே நியாயம் மாறிவிடலாகாது. எது எங்கே இருக்கவேண்டும் என்பதை எடுத்தவன் மட்டும் முடிவு செய்வதா, இழந்தவனும் சேர்ந்து முடிவு செய்வதா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு ஊருக்கு ஒரு விடை, நமக்கு ஒரு விடை கிடையாது!

உலகம் எங்கே செல்கிறது என்று பார். 1972ல் சிலி நாட்டுச் சாந்தியாகோவில் கூடிய வட்டமேசை மாநாடு, காட்சியகம் சமுதாயத்தின் சேவையில் நிற்கவேண்டும் என்றது. ஐம்பதாண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்ட் 24ஆம் நாள், பிராகா நகரில் கூடிய உலக அருங்காட்சியக மன்றம், அருங்காட்சியகம் என்ற சொல்லுக்கே புதிய இலக்கணம் வகுத்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வாக்குகளால் நிறைவேறிய அந்த இலக்கணத்திலே, சமுதாயங்களின் பங்கேற்போடு இயங்குவது என்பதும் ஒரு கூறு. ஆக, மக்களைக் கேளாத காட்சியகம், காட்சியகம் என்ற பெயருக்கே உரியதாகாது. நம் மக்கள் 'செத்த காலேஜ்' என்றதை உலக அறிஞர்கள் ஒப்புக்கொள்ள இத்தனை ஆண்டுகள் ஆயின!

எனவே, தோழனே, நாம் எழுப்பவேண்டிய கோரிக்கைகளைக் கேள்.

ஒன்று: வரைபடம் வரைவதற்குமுன் கேட்கவேண்டும். இடம், பொருள், கதை, பணம் ஆகிய நான்கும் வெற்றுத் தாளாக இருக்கும்போதே மக்கள் முன் வைக்கவேண்டும்.

இரண்டு: மக்கள் இருக்கும் இடத்திற்கு, மக்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் செல்லவேண்டும். ஊரக வேலைத்திட்டத்தில் வேலை செய்யும் பெண்களிடம் வேலைத்தளத்திலே கேட்கலாம், வாரச்சந்தையிலே கேட்கலாம், பள்ளியிலே பிள்ளைகளைக் கேட்கலாம். தமிழ்நாட்டிலே ஆண்டுக்கு ஆறு முறை, சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறதே, அங்கே வைக்கலாம். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடும் காட்சியகம், வெயிலில் வேலை செய்பவனுக்கு எந்த நாளும் மூடியே இருக்கிறது என்பதை முதலில் உணரவேண்டும்.

மூன்று: சொன்னதை அப்படியே தமிழில் எழுதி, எழுதியதை அவர்கள் முன்னாலேயே படித்துக் காட்டவேண்டும். ஒவ்வொரு கருத்துக்கும் 'ஏற்றோம்' அல்லது 'ஏற்கவில்லை, காரணம் இது' என்று பதில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டவேண்டும். பதில் வராத கேட்பு, கிணற்றிலே போட்ட கல்!

நான்கு: ஒருநாள் கூட்டத்தோடு முடியலாகாது. ஒவ்வொரு காட்சியகத்துக்கும் நிலையான ஊர்க்குழு வேண்டும். பாதிப்பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உறுதியான இடம். ஆண்டுத் திட்டத்தையும் செலவுக் கணக்கையும் அக்குழுவின் முன் வைக்கவேண்டும்.

ஐந்து: வழிகாட்டும் பணியும் காக்கும் பணியும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்து வழங்கவேண்டும். தாழியின் பக்கத்தில் பிறந்தவன் தாழியைப் பற்றிப் பேசும்போது வரும் குரலை, எந்த ஒலிப்பெட்டியும் தரமாட்டாது.

இவையெல்லாம் ஆட்சியிலிருப்போர்க்கு. எவர் ஆட்சியிலிருந்தாலும் அவர்க்கு! இனி உனக்கும் எனக்கும் ஒரு சொல்.

கருத்துக் கேட்பு நாளன்று கட்சிக் கொடி கட்டி, நாலு பேருக்குப் பொன்னாடை போர்த்தி, முன்வரிசை முழுதும் நாமே அமர்ந்து, மேடையிலே ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு வருவது நமக்குக் கைவந்த கலை. அந்தக் கலைக்கு அன்று விடுமுறை கொடு! பேசத் தெரிந்தவர்கள் நாம், ஊரறியும். கேட்கத் தெரிந்தவர்கள் என்று காட்டவேண்டிய நாள் அது. முன்வரிசையைக் கடைசித் தெருவுக்கு விடு. மூதாட்டியைக் கைப்பிடித்து அழைத்து வா; அவள் பேசும்போது குறுக்கிடாதே. எழுத்தர் எழுதுவதை எட்டிப் பார். 'ஒருமனதாக வரவேற்றனர்' என்று எழுதினால், "ஐயா, அந்த அம்மையார் குதிரைப் பற்றிச் சொன்னாரே, அது எங்கே?" என்று கேள். எழுதும்வரை எழுந்து போகாதே!

அந்த ஒரு வரியை எழுத வைத்தாயானால், தோழனே, நூறு மேடை முழக்கத்தைவிடப் பெரிய பணி செய்தவனாவாய். ஏனெனில், ஆதிக்கம் மக்களிடமிருந்து பறித்தது பொன்னை மட்டும் அன்று, பொருளை மட்டும் அன்று. தன் கதையைத் தானே சொல்லும் உரிமையையும் பறித்தது. அந்த உரிமையை மீட்கும் போரிலே, கூட்டக் குறிப்பேட்டின் ஒரு வரியும் ஒரு கோட்டைதான்.

கோட்டையைப் பிடி!